கொப்பிக்கு முன் கோதுமை மா: நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எதைக் கற்பிப்பது?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பையனுக்கு நாலரை வயது. ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வான். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவனிடம், "தம்பி, அடுப்படியிலிருந்து நான்கு கோப்பை எடுத்து வா" என்றேன். கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிவந்து வைத்தான். மொத்தம் ஆறு. எண்ணிப் பார்க்கச் சொன்னேன். விரல் கோப்பைகளின் மேல் ஓடியது, வாய் அதைவிட வேகமாக ஓடியது, ஆறு கோப்பைக்கு ஒன்பது வந்தது. "சரி, எத்தனை கோப்பை இருக்கிறது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.

அவனுடைய அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அக்கா, நூறு வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேனே" என்றாள். நூறு வரை சொல்வது ஒரு பாட்டு; எண்ணுவது வேறு வேலை. அதேபோல் அ முதல் ஃ வரை ஒப்பிப்பதும் பாட்டு, வாசிப்பது வேறு. பாட்டு கெட்டதல்ல, ஆனால் அதையே படிப்பு என்று நம்பிவிட்டால் இந்த வயதில் உண்மையாகக் கற்பிக்க வேண்டியவை கைநழுவிப் போகின்றன.

அவள் அவனை முன்பள்ளிக்கு அனுப்பவில்லை. எங்கள் தோட்டப் பிரிவிலிருந்து முன்பள்ளி இரண்டு கிலோமீட்டர் இறக்கம். வரும்போது அதே தூரம் ஏற்றம். ஆட்டோ பிடித்தால் அவள் எடுக்கும் கொழுந்துக் காசில் பாதி அதற்கே போய்விடும். வீட்டில் அப்பாயி இருக்கிறார். தரம் 1 வரை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்து, டவுனில் மூன்று பயிற்சிப் புத்தகங்களும் வாங்கி வைத்திருக்கிறாள். முடிவில் பிழை இல்லை. இலங்கையில் கட்டாயக் கல்வி 5 வயது முதல் 16 வயது வரை. 2016க்கு முன்பு மேல் எல்லை 14ஆக இருந்தது. அந்த ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதி 5 வயது பூர்த்தியாகியிருந்தால் பிள்ளையைத் தரம் 1இல் சேர்க்கலாம். அதற்கு முந்திய முன்பள்ளிப் பருவம் பெற்றோரின் விருப்பத்துக்கு உரியது. நான் இங்கே பேசுவது அந்தப் பருவத்தைப் பற்றி மட்டுமே. தரம் 1 வந்ததும் பாடசாலைக்கு அனுப்பிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளின் பள்ளியைக் 'கிண்டர்கார்டன்' என்கிறார்களே, அந்த ஜெர்மன் சொல்லுக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். பிரெட்ரிக் ஃபுரோபெல் என்பவர் 1837இல் ஜெர்மனியில் அப்படியோர் இடத்தைத் தொடங்கி, 1840இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அவர் பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தவை கம்பளி நூல் பந்துகள், மர உருண்டை, கனசதுரம், உருளை. தோட்டம் என்றதும் நமக்கு நினைவு வருவது காலையில் பேர் பதியும் பிரட்டுக்களமும், வேலை வாங்கும் கங்காணியும், கொழுந்து நிறுக்கும் தராசும்தான். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். 'இன்றைக்கு இத்தனை பக்கம் எழுதவில்லை, ஆகவே அரைப் பேர்' என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கணக்குப் பார்க்கும் தோட்டத்தை ஃபுரோபெல் சொல்லவில்லை.

முதலில் காதும் வாயும். எழுத்து என்பது ஒலிக்குப் போட்ட அடையாளம். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அடையாளம் வெறும் கோடு. பெரியவர்களான நமக்குக் 'கொழுந்து' என்றால் எழுத்துகள் தெரிகின்றன. பிள்ளைக்கு அது உடைக்க முடியாத ஒரே கட்டி. அதை உடைத்துக் காட்டுவதுதான் முதல் பாடம். கை தட்டிச் சொல்லுங்கள்: கொ-ழுந்-து, மூன்று தட்டு. தே-யி-லை, மூன்று. கூ-டை, இரண்டு. 'மண்' ஒரே தட்டு. வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை இப்படித் தட்டிப் பார்த்தால் பிள்ளை விடவே விடாது. யாருடைய பெயர் நீளம் என்று சண்டை வரும், வரட்டும்.

அடுத்தது மோனை விளையாட்டு. 'ம'வில் தொடங்குவதையெல்லாம் சொல்ல வேண்டும்: மரம், மழை, மலை, மடுவம், மண்வெட்டி. பிறகு கடைசி ஒலி ஒத்துவரும் சொற்கள்: கூடை, ஓடை, வாடை. பொருளே இல்லாத சொல்லைப் பிள்ளை உண்டாக்கினாலும் திருத்த வேண்டாம். 'பூடை' என்று ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரித்தால், காது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. சின்னவளின் பெயர் யாழினி. தன் பெயரையே அவளால் சொல்ல முடியாது, 'யாளினி' என்பாள். எங்கள் பக்கம் பேச்சில் ழகரம் தேய்ந்துதான் போயிருக்கிறது, அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. திட்டாமல் இதற்கென்று ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். நான் 'மலை' என்றால் அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிச் சிகரம் மாதிரி நிற்க வேண்டும். 'மழை' என்றால் குந்தி, விரல்களால் தரையில் தாளம் போட வேண்டும். முதலில் நான் வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொன்னேன். ஒரு வாரத்தில் அவள் காது பிழை விடவில்லை. நாக்கு பழகுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. காது முந்தும், நாக்கு பிந்தும். இது எல்லாப் பிள்ளைக்கும் பொது.

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பயந்துபோகிற அம்மாமார் இருக்கிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய்யும் அந்த முப்பதின் கூட்டு. அதிலும் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று இல்லை: கல், பகல், தங்கம் என்ற மூன்றிலும் 'க' வெவ்வேறாக ஒலிப்பதைச் சொல்லிப் பாருங்கள். இவ்வளவையும் ஐந்து வயதுக்குள் முடிக்க யாரும் கேட்கவில்லை. தரம் 1 ஆசிரியைக்கு வேலை வேண்டும் அல்லவா? தன் பெயரின் எழுத்துகளும் இன்னும் பத்துப் பன்னிரண்டும் தெரிந்து போனால் தாராளம்.

கதை சொல்வதற்கு அப்பாயி, அம்மாயியை மிஞ்ச ஆளில்லை. கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். "அதற்குப் பிறகு என்ன நடந்தது? அதற்கு முன்னால்?" என்று கேளுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரிவது பெரிய திறமை. புத்தகம் இல்லாத வீடானால் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளையைப் படம் வரையச் சொல்லி, அது சொல்வதை நீங்கள் கீழே எழுதித் தைத்துவிடுங்கள். தன் வாயில் வந்த சொல் தாளில் நிற்கிறது, நாளைக்கு வாசித்தாலும் அதே சொல்லாக இருக்கிறது என்று பிள்ளை காண்கிற நேரம் பார்க்க வேண்டியது.

இனிக் கை. மூத்தவன் விஷயத்தில் நான் ஏமாந்தது இங்கேதான். மூன்றரை வயதில் ஒரு முன்பள்ளியில் சேர்த்தோம். இரண்டாம் மாதமே தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதிவர வேண்டும். இரவில் குப்பி விளக்கு மாதிரி மங்கலான பல்பின் கீழ் அவன் பென்சிலை அழுத்தி அழுத்தித் தாளைக் கிழிப்பான். நான் அழிறப்பரால் அழித்து மிச்சத்தையும் கிழிப்பேன். இருவரும் அழுதுவிட்டுப் படுப்போம். தரம் 1க்குப் போகும்போது அவனுக்கு எழுத்து தெரிந்திருந்தது, பென்சிலைக் கண்டால் வெறுப்பும் இருந்தது.

அவன் சோம்பேறி அல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மனிதனின் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி ஒன்று இறுகுவதற்குள் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஆகிவிடும். கோடுகளும் அப்படியே வரிசையாகத்தான் கைக்கு வருகின்றன. மூன்று வயதளவில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரை ஐந்தில் சதுரம், அதற்கும் பிறகு முக்கோணம். சதுரமே போட வராத கையிடம் சுழியும் வளைவும் வாலும் கொண்ட 'அ'வைக் கேட்டால் அது என்ன செய்யும்?

ஆகவே சின்னவளுக்குக் கொப்பி வாங்கவில்லை. காலையில் ரொட்டிக்கு மா பிசையும்போது ஓர் உருண்டையை அவளிடம் கொடுத்தேன். உருட்டுவாள், தட்டுவாள், பாம்பு மாதிரி நீட்டுவாள், நகத்தால் கிள்ளிப் புள்ளி வைப்பாள். மாலையில் போஞ்சி முறிப்பது அவள் பொறுப்பு. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து நுனியை முறித்து நாரை இழுக்க வேண்டும். நடுவிரல் கீழே தாங்கும். பென்சில் பிடிப்பதும் அதே மூன்று விரல்தான். தேயிலைச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதும் ஏறக்குறைய அதே விரல்கள். (அதற்காகப் பிள்ளையை மலைக்கு வேலைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போஞ்சி போதும்.) பொத்தான் போடுவது, துணிக் கிளிப் மாட்டுவது, பழைய பத்திரிகையைக் கத்தரிப்பது, ஊசிநூல் இல்லாமல் பூக் கோர்ப்பது எல்லாம் இதே கணக்கு.

கோடு பழகிய பிறகு எழுத்துக்கு வரலாம். அகர வரிசையில் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 'ட' இரண்டு நேர்கோடு, 'ப' மூன்று. பிறகு 'ம', 'ய'. இவற்றை வைத்தே பட்டம், படம், மடம் என்று சொல் உண்டாக்கிவிடலாம், எழுத்தின் மேலே ஒரு புள்ளி வைக்க மட்டும் கற்றுக்கொண்டால் போதும். விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்குகிறோம். அன்று ஒரு நாளோடு அந்த நல்ல முறையைக் கோவிலில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். 1907இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மொண்டிசோரியும், சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித்தான் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். பெரிய தட்டில் ஒரு கை கோதுமை மாவைத் தூவி வையுங்கள். விரல் எழுதும், தட்டை ஆட்டினால் அழியும். அழிறப்பரும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். யாழினி தன் பெயரை முதலில் எழுதியது அந்த மாவில்தான், 'ழ'வின் வால் தட்டின் விளிம்பைத் தாண்டிப் பாய் வரைக்கும் போனது.

கோப்பைப் பையனுக்கு வருவோம். எண்ணுதலில் மூன்று படிகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு பொருளைத் தொட்டால் ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். எதையும் விடக் கூடாது, இரண்டு முறை தொடவும் கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். அவனுக்கு முதல் படியும் மூன்றாம் படியும் இல்லை. எண்ணிய கோப்பையை ஒவ்வொன்றாக மேசையின் மறுபக்கம் நகர்த்தச் சொன்னதும் வாயின் வேகம் தானாகக் குறைந்தது. பிறகு தினமும் ஓர் ஏவல்: மூன்று உருளைக்கிழங்கு கொண்டு வா, இரண்டு கரண்டி கொண்டு வா. ஐந்து வரை இதை உறுதியாகச் செய்யும் பிள்ளை, நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையைவிடக் கணக்கில் முன்னால் நிற்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து கடலையை ஒரு வரிசையாக வையுங்கள். அதற்கு நேர் கீழே இன்னோர் ஐந்து. "இரண்டும் சமமா?" என்றால் சமம் என்று பிள்ளை சொல்லும். அதன் கண் முன்னாலேயே கீழ் வரிசையை அகலப் பரப்புங்கள். இப்போது கேட்டால், கீழேதான் கூட என்று சொல்லும், நாலு ஐந்து வயதில் பெரும்பாலும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆறு, ஏழு வயதளவில் அந்த மயக்கம் தெளிகிறது. அதற்குள் 'மண்டையில் ஏறவில்லையே' என்று நாம் குட்டுவதால் ஒரு நாளும் முந்தப்போவதில்லை. கடலையைச் சாப்பிடக் கொடுத்துவிடலாம்.

எண்ணுவதற்குப் பொருளை வெளியே தேட வேண்டியதே இல்லை. வாசல் இஸ்தோப்புப் படி எத்தனை? கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எத்தனை எட்டு? எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், 1921இல் கட்டி முடித்த பாலத்தில் எத்தனை வளைவு? (பெயரே ஒன்பது வளைவுப் பாலம்தான், ஆனாலும் ரயில் ஜன்னலிலிருந்து எண்ணி முடிக்கும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.) கரட், போஞ்சி, கரட், போஞ்சி என்று வரிசை வைத்து அடுத்தது எது என்று கேட்பதும் கணக்கு. கோவா பாரமா, லீக்ஸ் கட்டு பாரமா என்று இரண்டு கையிலும் தூக்கிப் பார்ப்பதும் கணக்கு. ஒரு ரொட்டியை இரண்டு பேருக்குச் சண்டையில்லாமல் பிய்ப்பது எல்லாவற்றிலும் கடினமான கணக்கு.

சுற்றாடல் பற்றி எழுதத் தேவையே இல்லை, நாம் இருக்கிற இடம் அப்படி. மூடுபனி எங்கே போகிறது, அட்டை எப்படி நடக்கிறது, டிசம்பர் முதல் மே வரை மட்டும் சிவனொளிபாதமலையில் ஏன் இரவில் விளக்கு வரிசை தெரிகிறது என்றெல்லாம் பிள்ளையே கேட்கும். தெரியாத கேள்விக்கு "வா, பார்ப்போம்" என்பது நல்ல பதில்.

பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு எழுத்தைவிட முதல் வாரத்தில் கைகொடுப்பவை வேறு சில. கழிப்பறைக்குத் தானே போய்க் கழுவிவரத் தெரிய வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தெரிய வேண்டும்; கடையிலேயே பிள்ளையை விட்டுத் திறக்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். தன் முழுப் பெயர், அம்மா அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, தொட்டால் உடனே சொல்ல வேண்டும் என்பதைச் சாதாரணக் குரலில், பலமுறை சொல்லி வையுங்கள். சிங்களத்தில் நாலு வார்த்தை, வணக்கம் சொல்வதும் தண்ணீர் கேட்பதும், பஸ்ஸில் போகும்போதே வந்துவிடும். ஆங்கிலத்துக்கு அவசரம் வேண்டாம் என்பது என் எண்ணம். தமிழில் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி ஒட்டிக்கொள்கிறது.

தொலைபேசி? மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதே அறிவுறுத்தலில் 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கமும், நாள் முழுவதிலுமாக 180 நிமிட ஓட்டமும் ஆட்டமும் இருக்கின்றன. எழுத்துக் காணொளி பார்த்தாலும் அது திரை நேரம்தான்.

எவ்வளவு நேரம் என்று அந்த அம்மா கேட்டாள். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. காலையில் நீங்கள் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் வேண்டவே வேண்டாம். ரொட்டி தட்டும் நேரமும் போஞ்சி முறிக்கும் நேரமும் இதில் சேராது. அவை வீட்டு வேலை, பிள்ளைக்குப் பாடம் என்று தெரியாமலே நடக்கட்டும். மூன்று பயிற்சிப் புத்தகங்களையும் என்ன செய்வது என்றும் கேட்டாள். வண்ணம் தீட்ட ஒன்று, கத்தரிக்க ஒன்று; மூன்றாவதைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னேன்.

பிள்ளை கூப்பிட்டும் அடிக்கடி திரும்பாவிட்டால், நாலு வயதிலும் வெளியாருக்குப் பேச்சு விளங்காவிட்டால், பாடம் நடத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். குடும்பநல மாதுவிடம் (மருத்துவிச்சியிடம்) சொல்லிக் காதைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். 5 வயதுத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போகும் நாளில் கேட்டுக்கொள்ளலாம் என்றும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. தரம் 1 விண்ணப்பம் பொதுவாக முந்திய ஆண்டின் நடுவிலேயே கோரப்படும். அதற்கு முன் பிறப்புச் சான்றிதழை எடுத்து, பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. சிங்களத்தில் லகரமும் ளகரமும் உண்டு, ழகரம் இல்லை. விண்ணப்பத்துக்காகத் தமிழுக்கு மொழிபெயர்த்தவர் அதில் இருந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் நாள் ஆசிரியை "யாளினி" என்று கூப்பிட்டிருக்கிறார், சின்னவள் கை தூக்கவில்லை. ஒரு வருடம் மலை, மழை விளையாடியவள் எப்படித் தூக்குவாள்? திருத்தி எடுக்க எட்டு மாதம் ஆனது. அதுவரை வரவுப் பதிவேட்டில் அவள் யாளினி, கொப்பி அட்டையில் யாழினி.